ஞானஸ்நானத் தோம்பும் நம்மவர் குலமுறையும்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களின் பூர்வ வரலாறு பற்றி இக்காலத்தில் எழுதுவோரும் பேசுவோரும் இரு திறத்தினராவர். ஒரு திறத்தார், "ஒல்லாந்தர் காலத்து ஞானஸ்நானப் பதிவிலே இன்ன குடும்பத்து முன்னோன் பெயர் காணப்படுகின்றது, ஆதலின் அவன் கிறிஸ்தவனே, அவன் வழியினர் சைவராயது 19ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலரால் விளைந்த புதுக்கோலமே" என்பர். மற்றைத் திறத்தார், "அவ்வேடுகள் நம் முன்னோரை வருத்தியவர் எழுதி வைத்தவை, அவற்றைச் சைவன் தீண்டுதலும் தகாது" என்று சொல்லி, தம் வமிசாவளியில் 'தொன்' என்னுஞ் சொல் எங்கேனும் வருமாயின் அதனைச் சுரண்டி எறிவர். முன்னையோர் ஏட்டை அளவு கடந்து நம்புகின்றனர். பின்னையோர் அதனை அளவு கடந்து அஞ்சுகின்றனர். அவ்வேடு யாது, அதனை எழுதினோன் யாவன், எதற்காக எழுதினான் என்பவற்றை ஆராயாமையே இவ்விரு பிழைக்கும் மூலம்.

யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டிலே பறங்கியர் கைப்பட்டது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவர்களால் இடிக்கப்பட்டது. அவர்களுடைய குருமார் ஊர் ஊராகச் சென்று கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானங் கொடுத்தனர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியபோது, கத்தோலிக்கக் கோயில்களைத் தம் சீர்திருத்தச் சபைக்குரியனவாக மாற்றினர். அவற்றோடு அங்கே எழுதப்பட்டிருந்த சனங்களையும் தம்முடைய சனங்களாகவே எண்ணிக்கொண்டனர். நேற்றுவரை கத்தோலிக்கரென்று எண்ணப்பட்ட ஓரூரார், கோட்டையிலே கொடி மாறிய அளவில் புரோட்டஸ்தாந்தராயினர்! அவர்களை எவரும் வினவியதில்லை. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்த பல்டேயுஸ் பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட தம் நூலிலே தெல்லிப்பழை, மல்லாகம், உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய ஊர்க் கோயில்களையும் அவற்றைச் சார்ந்த பாடசாலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து விவரித்துள்ளார். அவர் காட்டுங் கணக்கின்படி அந்நாட்டுக் கிறிஸ்தவர் தொகை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டது. அத்தனை ஆயிரம் பேருக்கும் உபதேசஞ் செய்ய வந்திருந்த ஒல்லாந்தக் குருமாரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. இவ்விரு தொகையையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு மேற்கொண்டு வாதம் வேண்டா.

பதிவு நடந்த முறை வருமாறு. ஒவ்வொரு கோயிற் பற்றிலும் ஒரு பாடசாலை. அதற்கு ஒரு சட்டம்பியார். பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் கற்பித்தல் அவர் கடமையில் ஒரு பாதி. மற்றைப் பாதி தோம்பு எழுதுதல். வீடுதோறும் தந்தை, தாய், மக்கள், அவர் வயது, ஞானஸ்நானம் பெற்ற நாள், மணஞ் செய்த நாள், இறப்பு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்தலே அது. குரு சுற்றுப்பயணமாக வருங்காலத்தில் சட்டம்பியார் பிள்ளைகளைத் திரட்டி நிறுத்துவார். குரு நீர் தெளித்துப் போவார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டம் இறுக்கவேண்டும். ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை. கோயிலிற் பதியப்படாத மணம் மணமன்று. அம்மணத்திற் பிறந்த மகவு முதுசொத்துக்கு உரிமை கோருங்கால் எதிர்வழக்காடுவோன் அதனையே குற்றமாக எடுத்துக் காட்டுவான். தன் காணியைத் தன் மகனுக்கு விட்டுச்செல்ல விரும்பிய ஓர் உழவன் தன் மகன் பெயரைத் தோம்பில் ஏற்றியே ஆகவேண்டும். ஆகவே அத்தோம்பு சமயப் பெயர் பூண்ட அரசிறைக் கணக்கு. இக்காலத்துப் பிறப்புப் பதிவுக்கும் குடும்ப அட்டைக்கும் மூதாதை அது.

இவ்வாறாகவும், அதிற் காணும் பெயரைக் கொண்டு அப்பெயருடையானது நெஞ்சத்தை அளக்கப் புகுவார் கூற்று எவ்வாறு பொருந்தும்?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையே எடுத்துக்கொள்வோம். பறங்கியர் இடித்த அத்தலம் மீண்டும் கோயிலாக எழுந்தது ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலே, 1734ஆம் ஆண்டளவில். எழுப்பியவர் ஒல்லாந்தர் கச்சேரியிலே சிறாப்பராயிருந்த இரகுநாத மாப்பாண முதலியார். அவர் முழுப்பெயர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார் என்பது. 'தொன் யுவான்' என்பது ஞானஸ்நானத்தோடு வரும் பெயர். அப்பெயரைக் கண்டு அவரைக் கிறிஸ்தவரென முடிவு செய்வோர், முருகப்பெருமானுக்கு ஆலயம் எடுத்த கையை எவர் கையென்று சொல்வர்? ஒருவர் பெயரின் முற்பகுதி கச்சேரிக்கு, பிற்பகுதி வீட்டுக்கு, அவர் பொருளோ நல்லூருக்கு. இம்மூன்றனுள் எது அவரது அன்பைக் காட்டுவது என்பதைச் சிறுவனும் அறிவான்.

இஃது ஒருவர் திறத்து மட்டும் நிகழ்ந்ததன்று. 1707ஆம் ஆண்டிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தேசவழமை என்னும் நூலாகத் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து ஒப்புதல் அளித்தனர். அவர்கள் இட்ட பெயர்களிலும் 'தொன் பிலிப்பு' முதலிய ஞானஸ்நானப் பெயர்கள் தமிழ்ப் பெயர்களோடு ஒட்டிக் காணப்படுகின்றன. அவர்கள் உறுதிசெய்த சட்டமோ முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பண்டுதொட்டு வந்த வழக்கையே கூறுவது. பெயர் மாறியும் வீட்டு வழக்கம் மாறாமைக்கு அவர்கள் கையொப்பமே சான்று.

இனி, அச்சம் நீங்கிய பின்னர் நிகழ்ந்தது யாது என்று நோக்குக. 1795இல் ஒல்லாந்தர் நீங்கி ஆங்கிலேயர் வந்தனர். தண்டமும் உத்தியோக நிபந்தனையும் தளர்ந்தன. 1806ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், அங்கே புரோட்டஸ்தாந்த சமயம் அற்றுப்போகும் நிலையிலிருந்ததைக் கண்டு வருந்தி எழுதினார். போதகராக அவர் கண்டவர், கிறிஸ்டியன் தாவீது என்னும் தமிழர் ஒருவரே. ஏறக்குறைய நூற்று முப்பத்தேழாண்டு தோம்பில் வளர்ந்த சபை பத்துப் பன்னிரண்டு ஆண்டிற் கரைந்தது. வேரூன்றிய மரம் அத்துணை விரைவிற் சாயாது. நாவலர் பிறந்தது 1822ஆம் ஆண்டில் என்பதையும் இங்கே நினைவுகூர்க. அவர் பிறக்குமுன்னரே நல்லூரிலும் வண்ணார்பண்ணையிலும் கோயில்கள் எழுந்துவிட்டன. அவர் கண்டிக்க நேர்ந்தது அமெரிக்க, ஆங்கிலேய மிஷனரிமாருடைய புதிய முயற்சியையேயன்றி, ஒல்லாந்தர் தோம்பிலிருந்தவர்களை மீட்பது அன்று.

விரத நாளிலே மறைவாக உண்டு, உண்ட இலையை வெளியிலெறிய அஞ்சிக் கூரையின் இறப்பிலே செருகிவைத்த கதையை யாழ்ப்பாணத்தார் தம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்பர். தோம்பில் அவ்விலைக்கு இடமில்லை. தோம்பில் இல்லாதது நிகழவேயில்லை என்பது எழுத்தர் தருக்கம். சரித்திரக்காரர் தருக்கம் அன்று.

ஈழத்துத் தென்பாகத்தாரையும் ஒப்புநோக்கலாம். தொன், பெரேரா, சில்வா என்னும் பெயர்களோடு எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் பௌத்தராகவே இன்றும் வாழ்கின்றன. பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அநகாரிக தர்மபாலர் 1864இல் பிறந்தபோது இடப்பட்ட பெயர் தொன் தாவீது ஹேவாவிதாரண. இலங்கையின் முதற் பிரதமர் சேனாநாயக்காவின் பெயர் தொன் ஸ்தேவன். அவ்விருவரையும் பெயர் நோக்கிக் கிறிஸ்தவர் என்பார் ஒருவரும் இலர். அங்கே செல்லாத தருக்கம் யாழ்ப்பாணத்துச் சைவனிடத்து மட்டும் செல்லுமென்பது எந்த நியாயம்?

"சடங்கு செய்யப்பட்டதே, செய்யப்பட்டவன் கிறிஸ்தவனாகாது போவது எங்ஙனம்?" என்பாராயின், அதற்கு விடை இருவர் நூலிலும் உண்டு. சைவ சித்தாந்தத்திலே தீக்கை என்பது மலபரிபாகமும் சத்திநிபாதமும் நோக்கி ஆசிரியன் செய்வது. பக்குவம் நோக்காது, பெயர் கேட்டு நீர் தெளித்த அளவில் ஆன்மாவின் பற்று மாறுமென்று நாம் ஒப்புவோமாயின், நம் சித்தாந்தத்தையே கைவிட்டவராவோம். இனி அவர்கள் நூலை நோக்குக. 1563இல் வெளிவந்து ஒல்லாந்தச் சபையார் பிரமாணமாகக் கொண்ட ஹைடல்பெர்க் வினாவிடை, புறத்தே நீராற் கழுவுதல்தானே பாவத்தைக் கழுவுவதாகாது என்றே கூறுகின்றது. ஆகவே யாழ்ப்பாணத்துத் தோம்பைக் காட்டி "இவரெல்லாம் கிறிஸ்தவர்" என்று நாட்டப் புகுவோர், சைவ நூலோடு மட்டுமன்றி அச்சபையார் வினாவிடையோடும் மாறுபடுகின்றனர். பல்டேயுஸ் பாதிரியாரே தம் சபையினர் பழைய வழிபாடுகளை மறைவிற் செய்துவருதலைக் குறித்து முறையிட்டவர். எழுதியவரே ஐயுற்ற ஏட்டை மூன்றரை நூற்றாண்டின் பின் வந்தோர் ஐயமின்றி நம்புவது வியப்பே.

இன்னும் ஒன்று. அமெரிக்க நாட்டிலே உத்தா மாகாணத்தில் மர்மோன் சபையார் 1894இல் ஒரு வமிசாவளிச் சங்கம் நிறுவி, உலகெங்குமுள்ள பழம் பதிவேடுகளைப் படமெடுத்துத் தொகுத்து வருகின்றனர். கொழும்புப் பகுதி ஒல்லாந்தச் சபைப் பதிவுகளும் அவர்கள் தொகுதியிற் சேர்ந்துள்ளன. தம் முன்னோராய் இறந்தோர் பெயரைக் கண்டெடுத்து, அவர் பொருட்டு உயிரோடிருப்பவர் ஒருவர் ஞானஸ்நானம் பெறுதல் அச்சபையின் வழக்கம். அங்ஙனம் செய்யப்பட்டாலும் அதனை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரது ஆன்மாவின் விருப்பம் என்று அவர்களே கூறுவர். ஏட்டிலே பெயர் ஏறுதல் வேறு, ஆன்மா உடன்படுதல் வேறு என்பதனை அவர்களே ஒப்புகின்றார்கள்.

இவ்வளவுங் கூறியமையால், அக்காலத்து ஞானஸ்நானம் பெற்றார் எல்லாரும் வேடதாரிகளே என்று யாம் சொல்லுவதாக எவரும் கொள்ளற்க. அங்ஙனம் கூறுதல் மற்றொரு பொய். 1544இல் மன்னாரிலே ஞானஸ்நானம் பெற்ற பலரை யாழ்ப்பாணத்தரசன் சங்கிலி கொல்வித்தான். அவர்கள் தாம் கொண்ட சமயத்தின் பொருட்டு உயிரிழந்தனர். நம் நாட்டரசன் செய்தமைபற்றி அது நற்செயலாகாது. 1750இல் ஒல்லாந்தச் சபையிலே குருப்பட்டம் பெற்ற பிலிப்பு தெ மெல்லோ என்னுந் தமிழர், பல மொழி கற்று, பழைய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்க்க உழைத்தவர். அவர் பற்றை ஐயுறுதற்கு நமக்கு எவ்வுரிமையும் இல்லை. அன்றுதொட்டு இன்றுவரை அச்சமயத்திலேயே நின்ற குடும்பங்களும் பல உள. அவர்கள் பற்றினை நாட்டுவது தோம்பன்று. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை. சைவர் பற்றினை நாட்டுவதும் அதுவே. திருநீறும் அன்புமின்றிக் குடிமதிப்பு ஏட்டிலே மட்டும் சைவரென்று எழுதுவிப்போர் இந்நியாயத்தைத் தம்மேல் ஏற்றிப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இனி, நம்மவராகிய மற்றைத் திறத்தாரிடம் வருவோம். இவரோடு வாதிடுதல் முன்னையோரோடு வாதிடுவதினும் அரிது. ஏனெனின் இவரை மறிப்பது நாணம். நாணத்துக்குப் பிரமாணம் காட்டி விடைகூறல் எளிதன்று.

"பறங்கி, ஒல்லாந்தன் தொட்ட ஏடு நமக்கு வேண்டா" என்னும் இவரே, தம் குடும்பப் பெருமை பேசப் புகின் யாழ்ப்பாண வைபவமாலையை முதலில் எடுத்து நீட்டுவர். மயில்வாகனப் புலவர் அந்நூலை 18ஆம் நூற்றாண்டில் இயற்றியது ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதனாலேயே என்பதை இவர் அறியாரோ? தேசவழமைச் சட்டத்தின்படி முதுசொம் பிரிக்கும்போது, அதனைத் தொகுத்தவன் ஒல்லாந்தன் என்று எவரேனும் தம் பங்கை வேண்டா என்றதுண்டோ? காணி பெறுதற்கு ஆகும் கை, பாட்டன் பெயர் அறிதற்கு ஆகாதோ?

நம் வீட்டு ஏடுகளிலே வமிசாவளி என்று எழுதி வைத்திருப்பவை பெரும்பாலும் ஆண் பெயர்க் கோவைகளே. சோழநாட்டிலிருந்தோ தொண்டைநாட்டிலிருந்தோ வந்த ஒருவர் தலையில் நிற்பார். அவர்க்குப்பின் இரண்டு நூற்றாண்டு வெற்றிடம். அதன்பின் கொள்ளுப்பாட்டனார் திடீரெனத் தோன்றுவார். இடையிலே பெண்கள் இருந்தார்களோ இல்லையோ எனத் தோன்றும். பாடசாலைத் தோம்போ அங்ஙனமன்று. கணக்கெடுப்பவனுக்கு எல்லாரும் வேண்டும். ஆதலின் அதிலே தாய் பெயர் உண்டு. மகள் பெயர் உண்டு. பாலியத்தில் இறந்த குழவி பெயரும் உண்டு. அடிமையென்று அந்நாளில் எண்ணப்பட்டோரது பிள்ளைகளும் ஞானஸ்நானம் பெற்றுப் பதியப்பட்டனர். அவர் வழிவந்தோர்க்கு வேறு எந்த ஓலையும் எவரும் எழுதி வைத்தாரில்லை. அடிமைமுறை இலங்கையில் 1844ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் முற்றாக ஒழிந்தது. அதற்கு முந்திய தம் பாட்டியின் பெயரை அறிய விரும்பும் ஒருவனிடம் சென்று, "அவ்வேட்டைத் தீண்டாதே" என்று சொல்ல எவர்க்கு வாய் எழும்? இங்கே சிலர்க்கு உண்மை அச்சம் சமயம் பற்றியதன்று, சாதி பற்றியது என்பதையும் யாம் அறிவோம். தோம்பிலே சாதிப் பெயரும் எழுதப்பட்டது. இன்று தாம் சொல்லும் பெயர் அன்று அங்கே இல்லையாயின் என்செய்வது என்பது அவர் கலக்கம். அதற்கும் விடை முன் கூறியதே. அப்பெயரும் ஒருவன் சொல்ல ஒருவன் எழுதியது. அதனால் உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை.

ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிச் சமூகத்தார் 1908இல் தமக்கென ஒரு சங்கம் நிறுவி, தேவாலயப் பதிவுகளிலிருந்து குடும்பங்களின் வமிசாவளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தம் சஞ்சிகையில் வெளியிட்டனர். கொழும்பிலே 1757இல் கட்டி முடிந்த வொல்பெண்டால் தேவாலயத்துப் பதிவுகளை அவர்கள் கண்ணெனக் காத்தனர். சிறிய கூட்டத்தினராகிய அவர்க்குள்ள ஊக்கம் நமக்கில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டிலே எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச் சுவடிகளும் நீறாயின. பின்னர் நடந்த போரிலே வீடுகளிலிருந்த உறுதிகளும் ஏடுகளும் எத்தனை அழிந்தன என்று கணக்கிடுவார் இலர். பிறர் அழித்தது போக எஞ்சிய பழம்பதிவுகளை நாமே நாணத்தால் புறக்கணிப்பது அறிவுடைமையாகுமோ?

பாடசாலைத் தோம்புகளுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலன கொழும்பு, காலிப் பகுதிகளுக்குரியன. அவை கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒல்லாந்தக் கும்பினியாரின் ஆவணங்கள் 2003ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் கல்விக் கழகத்தால் உலக நினைவகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஞானஸ்நானப் பதிவுகளோடு காணித் தோம்பையும், வழக்குத் தீர்ப்பையும், பழைய உறுதிகளையும் ஒப்பிட்டே முடிவு காணவேண்டும். தனியே ஒரு வரியைக் கண்டு இவரே என் முன்னோர் எனத் துணிதல் பெரும்பிழை. தொன் யுவான் என்பார் ஓரூரிலேயே பலர் இருப்பர். ஞானஸ்நான நாளைப் பிறந்தநாளென்று கொள்ளற்க. குரு வரும்வரை பிள்ளைகள் காத்திருந்தனர், ஆதலின் ஒரே நாளிலே ஒரு வீட்டுப் பிள்ளைகள் பலர் ஞானஸ்நானம் பெற்றிருத்தலும் கூடும். சாட்சியாக நின்றார் பெயரையும் விடாது நோக்குக. தாய்மாமனோ சிற்றப்பனோ அங்கே நின்றிருத்தல் கூடும். பெண்வழி உறவு புலப்படுவது பெரும்பாலும் அவ்விடத்திலேதான்.

பெயர்த்தெழுதுவோர் ஒல்லாந்த எழுத்தர் எழுதிய எழுத்துக்கூட்டை, அது எத்துணைச் சிதைந்ததாயினும், உள்ளவாறே ஒரு பத்தியில் எழுதுக. அதற்கு நேரே நாம் ஊகிக்கும் தமிழ்ப் பெயரை வேறொரு பத்தியில் எழுதுக. இரண்டனையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது; 'தொன்' என்பதையும் விடுதல் கூடாது.